வறட்சிக் கோலுயிரியிலிருந்து உடன்வாழ் நுண்ணுயிர் வரை: உலர்கண் நோய் பற்றிய கருத்து வரலாறும் தமிழகக் கண் மருத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

கண்பரப்பின் மேல் வாழும் நுண்ணுயிர்களுக்கும் கண் வறட்சிக்கும் உள்ள உறவு இன்று மரபணு வரிசையாய்வின் துணையுடன் புதிய துறையாக வளர்ந்து வருகிறது. ஆயினும் இவ்வினா புதியதன்று. 1883-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் வறண்ட கண்ணில் ஒரு கோலுயிரியைக் கண்டு, அதுவே வறட்சிக்குக் காரணம் என்று கருதினர். அக்கருத்து பின்னர்க் கைவிடப்பட்டது. வறட்சியின் காரணம் உணவில் உயிர்ச்சத்து ஏ இல்லாமையே என்பது உறுதிப்பட்டது. அம்முடிவை மக்கள் வாழ்வில் பயன்படுத்துவதில் சென்னை, குன்னூர், மதுரை ஆகிய இடங்களில் நிகழ்ந்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. இக்கட்டுரை அவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கி, அது இன்றைய உலர்கண் ஆய்வுக்குத் தரும் எச்சரிக்கையைத் திண்டுக்கல் பேகம்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

குறிச்சொற்கள்: உலர்கண் நோய், கண்பரப்பு நுண்ணுயிர்கள், வறட்சிக் கோலுயிரி, உயிர்ச்சத்து ஏ, மாலைக்கண், மதுரை, பேகம்பூர்

முன்னுரை

ஒரு நோய்க்குரிய காரணம் எங்குள்ளது என்று மருத்துவம் முடிவு செய்கிறதோ, அங்கேயே மருந்தும் செலவும் கவனமும் சென்று சேர்கின்றன. கண்ணின் வறட்சிக்குக் காரணம் கண்ணின் மேலுள்ள கிருமி என்றால் சொட்டு மருந்து போதுமானது. காரணம் குழந்தையின் உணவு என்றால் சமையலறையும் கூலியும் ஊட்டச்சத்துத் திட்டமும் மருத்துவத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. காரணம் பணியிடத்தின் காற்று என்றால் தொழிற்சாலைச் சட்டமும் உடன் வருகிறது. ஆகவே காரணம் பற்றிய விவாதம் ஆய்வகத்துக்குள் அடங்கிவிடுவதில்லை.

கண் வறட்சியின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஒரே நுண்ணுயிரி கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு நிலைகளில் வைத்துப் பார்க்கப்பட்டுள்ளது. முதலில் அது நோயின் காரணியாகக் கருதப்பட்டது. அடுத்து, நோயுற்ற இடத்தில் வந்து தங்கும் வெறும் உடனிருப்பாகக் கருதப்பட்டது. அண்மைக் காலத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று கண்ணைக் காக்கும் துணையாகவும் இனங்காணப்பட்டுள்ளது. இம்மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதும், இடைப்பட்ட காலத்தில் தமிழகத்தில் நிகழ்ந்தவற்றை அவ்வரிசையில் உரிய இடத்தில் பொருத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொற்களும் அவற்றின் பின்புலமும்

தமிழ் மருத்துவ மரபு கண்ணோய்களை 96 எனத் தொகைப்படுத்துகிறது. நயனவிதி என்னும் பெயரில் கண் மருத்துவத்துக்கெனத் தனி நூல்களும் வழங்கின. மக்கள் வழக்கில் பீளை, கண் எரிச்சல், கண் கூச்சம், மாலைக்கண் முதலிய சொற்கள் நெடுங்காலமாக உள்ளன. இவற்றுள் மாலைக்கண் என்பது குறிப்பிடத்தக்கது. அந்திப்பொழுதில் பார்வை மங்குவதை அச்சொல் துல்லியமாகக் குறிக்கிறது. ஆட்டு ஈரலும் முருங்கை, பொன்னாங்கண்ணி முதலிய கீரைகளும் கண்ணுக்கு நல்லவை என்னும் நம்பிக்கை மக்களிடையே இருந்தது. ஈரலில் உயிர்ச்சத்து ஏ நேரடியாகவும், கீரைகளில் அதன் முன்பொருளாகவும் உள்ளன என்பது மிகப் பிற்காலத்தில் தெரியவந்த செய்தி.

‘கிருமி’ என்னும் சொல்லின் பொருள் மாற்றமும் கருதத்தக்கது. பழைய மருத்துவ வழக்கில் அது புழுவையும் பூச்சியையும் குறித்தது. நுண்ணோக்கி வழிப்பட்ட மருத்துவம் பரவிய பின் அதே சொல் கண்ணுக்குப் புலப்படாத நோயுயிரியைக் குறிக்கலாயிற்று. இதனால், கிருமி என்றாலே தீங்கு செய்வது என்னும் முற்சாய்வு தமிழில் சொல்லிலேயே படிந்துவிட்டது. உடலோடு இயல்பாக வாழும் நுண்ணுயிர் என்னும் கருத்தைச் சொல்லக் ‘கிருமி’ பொருந்துவதில்லை. எனவே இக்கட்டுரையில் நோய் செய்வதைக் கிருமி என்றும், பொதுவாகக் குறிக்குமிடத்து நுண்ணுயிர் என்றும் வேறுபடுத்தி ஆளப்படுகிறது.

இன்னொரு வேறுபாடும் தெளிவுபடுத்தப்பட வேண்டியது. உயிர்ச்சத்து ஏ குறைவால் குழந்தைகளுக்கு ஏற்படும் விழி வறட்சியும், முதியோரிடமும் திரைமுன் பணிபுரிவோரிடமும் இன்று பெரிதும் பேசப்படும் உலர்கண் நோயும் ஒன்றல்ல. முன்னது உடல் முழுவதையும் தாக்கும் ஊட்டக்குறைவின் கண் வெளிப்பாடு. பின்னது கண்ணீர்ப் படலத்தின் நிலைகுலைவு. ஆனால் இரண்டும் ஒரே பரப்பில் நிகழ்கின்றன. இரண்டிலும் சளிப்பொருள் சுரக்கும் கோப்பை உயிரணுக்கள் குறைகின்றன. இரண்டிலும் அப்பரப்பின் நுண்ணுயிர்த் தொகை மாறுகிறது. அதனால் முன்னதன் வரலாறு பின்னதற்குப் பாடமாக அமைகிறது.

1883: காரணியாகக் கருதப்பட்ட கோலுயிரி

பிரான்சின் போர்தோ நகரில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் பணியாற்றிய பியர் பித்தோ, 1863-இல் மாலைக்கண் கொண்ட 29 குழந்தைகளின் வெண்விழியில் நுரைபோன்ற வெண்திட்டுகளைக் கண்டு பதிவு செய்தார். அத்திட்டுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. திட்டு எவ்வாறு தோன்றுகிறது என்பதை அக்கால அறிவைக் கொண்டு விளக்க இயலவில்லை.

அடுத்த இருபதாண்டுகளில் மருத்துவச் சிந்தனை முற்றிலும் மாறியது. 1879-இல் ஆல்பர்ட் நைசர் மேகவெட்டைக்குரிய நுண்ணுயிரைக் கண்டறிந்தார். பிறந்த குழந்தையின் கண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்து பார்வையைப் பறித்ததும் அதே நுண்ணுயிரே. கார்ல் கிரெடே பிறந்தவுடன் குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு இடும் முறையை 1881-இல் வெளியிட்டார். எண்ணற்ற குழந்தைகளின் பார்வையை அம்முறை காத்தது. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கோலுயிரியை அறிவித்தார். 1883-இல் வாந்திபேதியை ஆராய எகிப்து சென்றபோது, அங்குப் பரவியிருந்த கண்ணழற்சியிலும் அவர் ஒரு கோலுயிரியைக் கண்டார். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் உயிரி உண்டு என்னும் நம்பிக்கை அன்று வெறும் ஊகமாக இருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்த வெற்றிகள் அதை உறுதிப்படுத்தின.

இச்சூழலில் 1883-இல் பிரெசுலாவு நகரில் குஷ்பெர்ட்டும் நைசரும் வறண்ட கண்ணின் திட்டுகளில் ஒரு கோலுயிரி பெருந்தொகையாக இருப்பதைக் கண்டனர். கிரேக்க மொழியில் வறட்சியைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயர் அமைந்தது. பின்னாளில் அது கொரினிபாக்டீரியம் செரோசிஸ் என வகைப்படுத்தப்பட்டது. பெயரே ஒரு வாதமாக நின்றது. வறட்சியில் காணப்படுவது வறட்சியை உண்டாக்குவது என்னும் பொருள் அதில் அடங்கியிருந்தது.

அக்காலத்திலேயே தொண்டையடைப்பானுக்குரிய கோலுயிரியும் இனங்காணப்பட்டது. கிளெப்ஸ் 1883-இல் அதைக் கண்டார். லோஃப்லர் 1884-இல் அதைத் தனித்து வளர்த்தார். நுண்ணோக்கியில் வறட்சிக் கோலுயிரி அதனுடன் ஒத்த வடிவுடையது. உயிர்கொல்லும் நோயின் உயிரியை ஒத்திருந்தமையால் வறட்சிக் கோலுயிரியின் மீதான ஐயம் வலுப்பெற்றது. ஆனால் நோயற்ற கண்களிலும் ஆய்வாளர்கள் அதே கோலுயிரியைத் தொடர்ந்து கண்டனர். காரணி என்றால் அது நோயுற்ற கண்ணில் மட்டும் இருந்திருக்க வேண்டும். எங்கும் இருப்பதை எவ்வாறு காரணியெனக் கொள்வது என்னும் வினா எழுந்தது.

உணவை நோக்கிய திருப்பம்

விடை நுண்ணோக்கியிலிருந்து வரவில்லை. ஜப்பானியர் மசமிச்சி மோரி விழி வறட்சியுற்ற குழந்தைகளைத் தொகையாக ஆராய்ந்து, அவர்களது உணவில் கொழுப்பில்லாமையே காரணம் என்று 1904-இல் எழுதினார். மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தபோது அவர்கள் தேறினர். 1913-இல் அமெரிக்காவில் மெக்காலமும் டேவிஸும் ஒரு குழுவாகவும், ஆஸ்போர்னும் மெண்டலும் மற்றொரு குழுவாகவும், வெண்ணெய்க் கொழுப்பில் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத பொருளொன்று உண்டென எலிகளைக் கொண்டு காட்டினர். அப்பொருளே உயிர்ச்சத்து ஏ. அது குறைந்தால் ஈரமான மெல்லிய புறப்படலம் தடித்துத் தோல்போல் மாறுகிறது. சளி சுரக்கும் உயிரணுக்கள் மறைகின்றன. உரியும் தோலணுக்களின் குவியலில் கோலுயிரிகள் பெருகுகின்றன. பித்தோ கண்ட நுரை அவ்வாறு பெருகியவை வெளியிடும் வாயுவால் தோன்றுவதென விளக்கப்பட்டது.

ஆகவே 1883-இன் பார்வையில் பிழையான அவதானிப்பு எதுவுமில்லை. கோலுயிரி உண்மையிலேயே அங்கிருந்தது. உண்மையிலேயே மிகுதியாக இருந்தது. விளைவைக் காரணமாகக் கொண்டதே தவறு. வறட்சி முதலில் வந்தது. கோலுயிரியின் பெருக்கம் அதைத் தொடர்ந்தது.

இத்தவற்றின் விளைவை மருத்துவமனைக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். விழி வறட்சியுடன் வரும் ஊட்டமற்ற குழந்தைக்குக் கிருமிநாசினிச் சொட்டு மட்டும் கொடுத்தனுப்பினால், சில நாள்களிலேயே கருவிழி உருகிப் பார்வை நிலையாகப் போய்விடக்கூடும். அம்மைக்குப் பின் இந்நிலை விரைந்து வரும். அம்மை உடலின் உயிர்ச்சத்து ஏ இருப்பைக் குறைக்கிறது. அந்நோயின்போது குழந்தையின் உணவைக் கட்டுப்படுத்தும் வழக்கமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. கண் மட்டுமே கெடுவதுமில்லை. நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்படலமும் அவ்வாறே சிதைவதால் குழந்தை பிற நோய்களுக்கு எளிதில் இரையாகிறது.

சென்னையும் குன்னூரும்

சென்னையில் 1819-இல் இராயப்பேட்டையில் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை, பின்னர் எழும்பூருக்கு மாறி அரசு கண் மருத்துவமனையாக வளர்ந்தது. ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அது ஒன்று. அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணழுத்த நோய்க்கான அறுவை முறையால் உலகப் புகழ் பெற்றவர். 1920-இல் அவர் வெளியிட்ட வெப்பமண்டலக் கண் மருத்துவ நூல் இந்திய அனுபவத்தின் அடிப்படையில் எழுந்தது.

அவருக்குப் பின் அம்மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்.இ.ரைட், 1922-இல் தென்னிந்தியாவில் காணப்படும் கருவிழி உருகல் குறித்துப் பிரித்தானியக் கண் மருத்துவ இதழில் எழுதினார். அக்கட்டுரை வெளிவந்த ஆண்டு ஒரு தற்செயலான இணைவைக் காட்டுகிறது. அதே 1922-இல் இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், நுண்ணுயிர்களைக் கரைக்கும் இலைசோசைம் என்னும் பொருளை அறிவித்தார். கண்ணீரில் அது மிகுதியாக இருந்தது. கண்ணீரை வரவழைக்க அவர் எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தினார். கண்ணீர் தூசியைக் கழுவுவதோடு நில்லாமல் நுண்ணுயிர்த் தொகையையும் அளவுக்குள் வைக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. கண்ணீர் குறைந்தால் அக்கட்டுப்பாடும் குறையும் என்னும் கருத்துக்கு இக்கண்டுபிடிப்பே அடிப்படை.

நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பணி ஊட்டச்சத்து ஆய்வகமாக உருப்பெற்றது. 1935 முதல் அதன் இயக்குநராக இருந்த டபிள்யூ.ஆர்.அய்க்ராய்ட், ரைட்டுடன் இணைந்து கருவிழி உருகலுக்குச் சிவப்புப் பனை எண்ணெயால் மருத்துவம் செய்ததைப் பற்றி 1937-இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் எழுதினார். கடல் கடந்து வரும் மீன் ஈரல் எண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயொன்றைத் தேடிய முயற்சி அது. எழும்பூரின் கண் மருத்துவரும் குன்னூரின் உணவு ஆய்வாளரும் ஒரு கட்டுரையில் இணைந்தமையே, நோயின் இருப்பிடம் கண்ணிலிருந்து உணவுக்கு மாறிவிட்டதைக் காட்டுகிறது. குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதன் களஆய்வின் வழியே 1970-இல் குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கொரு முறை பேரளவு உயிர்ச்சத்து ஏ வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கியது.

மதுரை: சமையலும் மருத்துவமும்

பேகம்பூர் அடங்கிய திண்டுக்கல் பகுதி 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. எனவே மதுரையின் கண் மருத்துவ வரலாறு இப்பகுதியின் வரலாறுமாகும். கோ.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்காக அந்நிறுவனத்தை உலகம் அறியும்; வெங்கடசாமியின் மற்றொரு பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விழி வறட்சியுற்ற குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் மதுரையில் இயங்கியது. ஆக்ஸ்போர்டின் கண் ஆய்வாளர் ஆன்டனெட் பிரி உள்ளிட்டோருடன் வெங்கடசாமி இம்மையம் பற்றி எழுதிய கட்டுரை 1976-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. குழந்தைக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், எளிதில் கிடைக்கும் கீரையையும் பருப்பையும் கொண்டு குழந்தையைத் தேற்றவும் தாய்க்கு அச்சமையலைக் கற்பிக்கவும் முடியும் என்பது இப்பணியின் கருத்து.

இம்மரபின் உச்சமாக 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வைக் கூறலாம். இலட்சுமி இரகமத்துல்லா முதன்மை ஆசிரியராக அமைந்த அவ்வாய்வில் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களைச் சேர்ந்த 15,419 பள்ளிமுன் பருவக் குழந்தைகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு உயிர்ச்சத்து ஏ கொடுக்கப்பட்டது. அது நல்ல உணவிலிருந்து பெறக்கூடிய அளவேயாகும். ஓராண்டு முடிவில் அப்பிரிவில் இறப்பு மற்றப் பிரிவில் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. கண்ணின் வறட்சியைக் கண்ணோடு மட்டும் நிறுத்திப் பார்த்திருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிராது. 1883-இன் கருத்தே நிலைத்திருந்தால் இழப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதற்கு இவ்வெண்ணே விடை கூறுகிறது.

கிருமி உண்மையிலேயே காரணமாகும் இடம்

இதனால் கண்பரப்பின் நுண்ணுயிர்களால் தீங்கில்லை என்று முடிவு செய்தல் மற்றொரு பிழையாகும். மதுரை மாவட்டத்தில் 1993-இல் கருவிழிப் புண் ஏற்படும் வீதம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேருக்கு 113 எனக் கணிக்கப்பட்டது. இது அமெரிக்காவில் கணிக்கப்பட்ட வீதத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று திங்களில் மதுரையில் மருத்துவம் பெற்ற 434 நோயாளர்களை ஆராய்ந்த மு.சீனிவாசன் குழுவினர் 1997-இல் அம்முடிவுகளை வெளியிட்டனர். நோயாளர்களுள் பெரும்பாலோர் கண்ணில் காயம்பட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் வேளாண் தொழிலாளர்கள். வளர்ப்பாய்வில் உயிரி வெளிப்பட்டவர்களுள் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நெல்தாளோ முள்ளோ கீறாத கருவிழிக்குள் பெரும்பாலான நுண்ணுயிர்கள் நுழைய இயலா. புண்ணுக்குக் கிருமி நேரடிக் காரணம்; கிருமி நுழைய வழி செய்தது தொழில். விரைவில் மருந்து கிடைக்காமையும், கண்ணில் நாட்டு மருந்துச் சாறுகளையோ கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டுகளையோ இடுவதும் நிலையை மோசமாக்குகின்றன. ஆகவே கிருமி ‘உண்டா, இல்லையா’ என்னும் வினாவைவிட, ‘எந்த நிலையில் அது கேடு செய்கிறது’ என்னும் வினாவே பயன் தருவது.

உலர்கண் நோயும் நுண்ணுயிர்த் தொகையும்

ஊட்டக்குறைவால் அல்லாமல் கண்ணீர்க் குறைவால் வரும் வறட்சியை மருத்துவம் தனியாக அறிந்த வரலாறும் சுருக்கமாகக் கூறத்தக்கது. 1903-இல் ஷிர்மர் வடிதாள் கொண்டு கண்ணீரை அளக்கும் முறையை வகுத்தார். 1933-இல் சுவீடனின் ஹென்ரிக் ஷோகிரென் கண்ணும் வாயும் வறண்ட பெண்களை ஆராய்ந்து, உடலின் எதிர்ப்பாற்றல் சுரப்பிகளையே தாக்கும் நோய்க்குத் தன் பெயரைத் தந்தார். 1995-இன் வரையறை கண்ணீர்க் குறைவையும் மிகை ஆவியாதலையும் முதன்மைப்படுத்தியது. 2007-இன் வரையறை கண்ணீரின் உப்புச்செறிவையும் அழற்சியையும் சேர்த்தது. 2017-இன் வரையறை கண்ணீர்ப் படலம் தன் சமநிலையை இழப்பதையே நோயின் மையமாகக் கொண்டது.

இச்சமநிலையில் நுண்ணுயிர்களுக்குள்ள பங்கு இமை விளிம்பில் முதலில் தெளிவாயிற்று. 1666-இல் ஹைன்ரிக் மைபோம் விவரித்த இமைச் சுரப்பிகள் கண்ணீரின் மேல் மெல்லிய நெய்ப்படலத்தைப் பரப்பி, அது ஆவியாகாமல் காக்கின்றன. இமையின் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் முதலியன அந்நெய்யைச் சிதைக்கும் நொதிகளை வெளியிடுவதை டாகர்ட்டியும் மெக்கல்லியும் 1986-இல் நாட்பட்ட இமையழற்சி நோயாளர்களிடம் ஆராய்ந்தனர். நெய் சிதைந்தால் விடுபடும் கொழுப்பமிலங்கள் பரப்பை உறுத்தும். கண்ணீரும் விரைந்து ஆவியாகும்.

2007-இல் கிரகாம் குழுவினர் உலர்கண் உடையோரையும் இல்லாதோரையும் மரபணு முறையில் ஒப்பிட்டு, உலர்கண்ணில் நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதைக் காட்டினர். 2011-இல் டாங் குழுவினர், வளர்ப்புத் தட்டில் வளராத பல இனங்களின் தடங்களும் நலமான கண்பரப்பில் உள்ளன என்றனர். ஆனால் கண்பரப்பில் நுண்ணுயிர்களின் தொகை மிகச் சிறியது. மாதிரி எடுக்கும் பஞ்சிலோ ஆய்வுக் கரைசலிலோ உள்ள மாசும் அவ்வளவே இருக்கக்கூடும். எனவே இத்தடங்களுள் எவை கண்ணில் வாழ்பவை, எவை வந்துபோனவை என்னும் விவாதம் ஓயவில்லை.

இவ்வரலாற்றில் மிகவும் எதிர்பாராத திருப்பம் 2017-இல் நிகழ்ந்தது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் செயின்ட் லெஜர், ரேச்சல் காஸ்பி குழுவினர், சுண்டெலியின் கண்பரப்பில் நிலையாக வாழும் கொரினிபாக்டீரியம் மாஸ்டிடிடிஸ் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் பூஞ்சையிடமிருந்தும் சூடோமோனாஸிடமிருந்தும் கண்ணைக் காக்கிறது எனக் காட்டினர். 1883-இல் குற்றம் சாட்டப்பட்டது இதே பேரினத்தைச் சேர்ந்த கோலுயிரி. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாது. எனினும், கண்பரப்பை முற்றிலும் நுண்ணுயிரற்றதாக்குவதே நலம் என்னும் கருத்து இதனால் வலுவிழந்தது. தேவையின்றி நீண்டநாள் இடப்படும் எதிருயிரிச் சொட்டுகள் காவலையும் சேர்த்தே அகற்றிவிடக்கூடும்.

பேகம்பூர்: காரணத்தை எங்குத் தேடுவது

திண்டுக்கல் நகரின் பேகம்பூர், ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலத்தால் பெயர் பெற்றதென உள்ளூர் வழக்குக் கூறுகிறது. 1755-இல் திண்டுக்கல்லின் பொறுப்பேற்ற ஐதர் அலியின் காலத்தை அப்பெரிய பள்ளிவாசல் இன்றும் நினைவூட்டுகிறது. பேகம்பூரும் அதன் சுற்றுப்புறமும் தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்டவை. பழைய முறையில் ஆவாரம்பட்டை தோலைப் பதனிட்டது. அதே ஆவாரையின் விதை நாட்டு மருத்துவத்தில் கண்ணோய்க்குப் பயன்பட்டதை 19-ஆம் நூற்றாண்டு மருந்துநூல்கள் பதிந்துள்ளன. பின்னர் குரோமியமும் பிற வேதிப்பொருள்களும் வந்தன. நிலத்தடி நீர் கெட்டது. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பு, தமிழ்நாட்டின் பதனீட்டுத் தொழிற்கூடங்களைக் குறித்து ஆணையிட்டபோது அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் பெயர் சுட்டியது.

பதனீட்டில் மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பயன்படுகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை கண்பரப்பை அரிப்பது. சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஐதரசன் சல்ஃபைடு வாயு எழும். குறைந்த அளவிலேயே அவ்வாயு கண்ணெரிச்சலையும் கண்ணழற்சியையும் உண்டாக்குவது தொழில் மருத்துவம் நன்கறிந்த செய்தி. இவற்றுடன் கோடை வெயிலும் வறண்ட காற்றும் தூசியும் சேர்கின்றன.

இத்தகைய இடத்தில் பணிபுரிவோர் ஒருவரின் கண்ணிலிருந்து இன்று பஞ்சால் மாதிரி எடுத்து வரிசையாய்வு செய்தால் என்ன காணப்படும்? அவரது நுண்ணுயிர்த் தொகை நலமான கண்ணினின்றும் வேறுபட்டிருக்க வாய்ப்புண்டு. அவ்வேறுபாட்டைக் கொண்டு அவரது வறட்சிக்கு நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவே காரணம் என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதினால், 1883-இல் பிரெசுலாவில் நிகழ்ந்தது மேலும் நுட்பமான கருவிகளுடன் மீண்டும் நிகழும். கோலுயிரியின் இடத்தில் நுண்ணுயிர்த் தொகை நிற்கும். விளைவு காரணத்தின் இடத்தில் நிற்கும். பணியிடத்தின் காற்று ஆய்வுக்கு வெளியே போய்விடும்.

இதைத் தவிர்க்க ஆய்வு முறையில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கால வரிசை. வறட்சிக்கு முன்பே நுண்ணுயிர் மாற்றம் நிகழ்ந்ததா என்பதை ஒருமுறை எடுத்த மாதிரியால் அறிய இயலாது. ஒரே தொழிலாளரைத் தொடர்ந்து கண்டாக வேண்டும். இரண்டாவது, ஒப்பீட்டின் அடிப்படை. குளிரூட்டிய அறையில் பணிபுரியும் நகரத்தாரின் கண்ணை இயல்நிலை என வைத்து, வெயிலில் உழைப்போரின் கண்ணைப் பிறழ்வு எனக் காட்டுதல் பொருந்தாது. மூன்றாவது, கண்ணுக்கு வெளியே உள்ளவற்றின் அளவீடு. உணவு, நீர், வாயு, பணிநேரம், முன்பு இட்ட சொட்டு மருந்துகள் ஆகியன மாதிரியுடன் பதிவாகாவிடில் வரிசையாய்வின் முடிவுக்குப் பொருள் கூற முடியாது.

முடிவுரை

கண் வறட்சியின் வரலாற்றில் நுண்ணுயிர் எப்போதும் அங்கேயே இருந்தது. அதைப் பற்றி மருத்துவம் கேட்ட வினாவே மாறிவந்தது. குஷ்பெர்ட்டும் நைசரும் கண்டது உண்மை. அவர்கள் கொண்ட காரணத் தொடர்பு நிலைக்கவில்லை. அத்தொடர்பைக் கைவிட்டு உணவை நோக்கித் திரும்பியதால் எழும்பூர், குன்னூர், மதுரை வழியாக வளர்ந்த ஆய்வு மரபு குழந்தைகளின் பார்வையையும் உயிரையும் காக்கும் வழிகளைக் கண்டது. அதே மதுரையில் கருவிழிப் புண் ஆய்வுகள், கிருமி உண்மைக் காரணியாகும் நிலைகளையும் வரையறுத்துக் காட்டின. இவ்விரு மரபுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல. பரப்பு சிதையாதிருக்கும்போது உடன்வாழ்வது, சிதைந்தபோது கேடு செய்யக்கூடும் என்பதை இரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன.

இன்றைய உலர்கண் ஆய்வு இப்பாடத்தை மறவாதிருத்தல் வேண்டும். நுண்ணுயிர்த் தொகையின் மாற்றம் நோயின் காரணமாகவும் இருக்கலாம்; சிதைந்த பரப்பின் அடையாளமாகவும் இருக்கலாம்; இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியாகவும் இருக்கலாம். எதுவென அறியும் வரை, பேகம்பூர் போன்ற ஊர்களில் மருத்துவர் நோயாளியின் கண்ணைச் சோதிக்கும்போதே அவரது தொழிலையும் உணவையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பின்வரும் ஆய்வாளர்க்கு வரிசையாய்வுத் தரவைப் போலவே அப்பதிவும் இன்றியமையாத சான்றாகும்.